படகின் வயிற்றில் வெயில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று 61 நாள் தடை. மீனவக் குடும்பங்களுக்கு அது கையைக் கடிக்கும் காலம். நிவாரணப் பணம் எதற்கும் காணாது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படம் வரைகிறவர்களுக்கோ சென்னையின் காசிமேடு துறைமுகம் நின்று நிதானமாகக் கிடைப்பது அப்போதுதான். மற்ற மாதங்களில் ஏலக் குரலும் ஐஸ் வண்டியும் கூடை தூக்குகிறவர்களின் அவசரமுமாக ஈசலை ஊன்ற இடம் இருக்காது. தடைக்காலத்தில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒருவர் பழைய பெயின்டைச் சுரண்டுவார், ஒருவர் பலகை மாற்றுவார், நிழல் கிடைத்த இடத்தில் நான்கு பேர் வலையைச் செப்பம் செய்வார்கள். புதுப் பெயின்டில் பச்சையும் நீலமும் சிவப்புமாக அந்த வரிசையைப் பார்த்தால், வரையத் தெரியாதவருக்கும் கை துறுதுறுக்கும்.

தடை தொடங்கிய சில நாளில் இன்னொன்றும் நடக்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி, நடுப்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். ஊன்றிய கழியின் நிழல் அதன் காலடியிலேயே விழுந்து காணாமல் போகும். ஆகஸ்ட் நடுவில் மறுபடி ஒருமுறை. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த உச்சி வெயிலைப் பற்றித்தான்.

ஓவியப் புத்தகங்கள் பெரும்பாலும் சாய்ந்த வெயிலைத்தான் பேசுகின்றன. ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் நீள நிழல், அதனால் உருவம் திரளும் என்பது பாடம். காலையிலும் நாலு மணிக்கு மேலும் காசிமேட்டில் இது சரிதான். நடுப்பகலில் கதையே வேறு. மேல்தளம், வீல்ஹவுஸ் கூரை, சுருட்டி வைத்த கயிறு, மல்லாந்து கிடக்கும் பிளாஸ்டிக் கூடை என வானம் பார்த்த பரப்பெல்லாம் வெளுத்துப் போகும். படகின் பக்கப் பலகைகள், முக்கியமாக வெளிப்பக்கம் விரிந்து ஏறும் அணியம், முழுக்க நிழலில் இருக்கும்.

ஆனால் அந்த நிழலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அது இருட்டே இல்லை. தண்ணீரில் விழும் வெயில் மேலே எகிறிப் படகின் வயிற்றில் அடிக்கிறது. அலை சிறிதாக அசைந்தாலும், பொன்னிழையில் பின்னிய வலையை யாரோ பலகை மேல் வீசி வீசி இழுப்பது போல அந்த ஒளி ஓடிக்கொண்டே இருக்கிறது. நீர்க்கோட்டுக்கு அருகில் மஞ்சள் கலந்த பச்சை. மேலே ஏற ஏற வானத்தின் நீலம் ஏறுகிறது. ஒரே நீலப் பெயின்ட் அடித்த பலகையில் இத்தனை நடக்கிறது. துறைமுகத்தின் வெயில் முழுவதும் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

டைட்டானியம் வெள்ளையை அப்பிவிட்டால் வெயில் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. டியூபில் இருக்கும் வெள்ளை, படத்தை அறைச் சுவரில் மாட்டினால் அந்த அறையின் வெளிச்சம் அளவுக்குத்தான் வெளுப்பாக இருக்கும். உச்சி வெயிலோடு அது போட்டி போட முடியாது. ஆகவே வெயிலை நிறங்களின் உறவில்தான் கொண்டுவர வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் லே ஹாவர் துறைமுகத்தில் வரைந்த சூரியோதயப் படம் இதற்கு நல்ல சான்று. அதன் ஆரஞ்சுச் சூரியன் சுற்றியுள்ள சாம்பல் வானத்தைவிட வெளுப்பானதே இல்லை. கறுப்பு வெள்ளைப் பிரதியில் பார்த்தால் சூரியன் ஏறக்குறைய மறைந்தே போகும். வண்ண வேறுபாடு ஒன்றே அதை எரிய வைக்கிறது.

1905 கோடையில், ஸ்பெயின் எல்லைக்கு அருகே கொலியூர் என்ற பிரெஞ்சு மீன்பிடி ஊரில் ஓவியர்கள் மத்தீஸும் தெரெய்னும் இதையே இன்னும் துணிந்து செய்தார்கள். தெரெய்னுக்கு அப்போது 25 வயது. நிழலும் ஒளி நிறைந்த ஓர் உலகம்தான், அதை இருட்டாக ஒதுக்கத் தேவையில்லை என்ற பொருளில் ஓவிய நண்பர் விளமாங்குக்கு எழுதினார். அவருடைய கொலியூர்ப் படகுகளில் கறுப்புக்குப் பதில் நீலமும் சிவப்பும் பச்சையும் நிற்கும். இத்தனைக்கும் கொலியூரில் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேரே வருவதில்லை. நமக்கு வருகிறது. அந்தக் கண்டுபிடிப்பின் அடுத்த பக்கத்தை எழுத வேண்டியவர்கள் நாம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

உச்சி வெயிலை வரைய எண்ணெய் வண்ணம்தான் தோது. மே மாதச் சென்னையில் நீர்வண்ணம் தூரிகை எடுப்பதற்குள் காய்ந்துவிடும், அக்ரிலிக்கும் அப்படியே. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அதனால் ஈரமான நிழல் மேலேயே ஈரமான ஒளியை இழுக்கலாம். ஓரங்கள் ஒன்றில் ஒன்று கரையும். நிழலுக்கு நான் அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலக்கிறேன், கறுப்பு டியூபைத் தொடுவதில்லை. தண்ணீரிலிருந்து ஏறும் ஒளிக்குக் காவி மஞ்சளில் துளி விரிடியன். அந்த ஒளி எவ்வளவு பளிச்சிட்டாலும் மேல்தளத்து வெயிலைவிட ஒரு படி இருட்டுதான். கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். குடை முக்கியம். கேன்வாஸ் மேல் நேர் வெயில் அடித்தால் வண்ணமெல்லாம் கூடுதல் பிரகாசமாகத் தெரியும், கை தானாக இருட்டாகப் போட்டுவிடும்.

துறைமுகத் தண்ணீரை நீலமாகப் போடாதீர்கள். தூரத்தில் வானத்தின் சாயல் நீலம் காட்டும். காலடியில் குனிந்து பார்த்தால் டீசல் மினுக்கோடு பழுப்புப் பச்சைதான்.

படகின் வடிவத்திலும் சலுகை கிடையாது. பெயரும் எண்ணும் எழுதாத ஒரு படகை வரைந்துகொண்டிருந்தபோது, பெயின்ட் வாளியோடு வந்த இளைஞர் ஒருவர் நின்று பார்த்தார்.

“இது எங்க மாமா போட்டுதானே சார்?”

“எப்படிப்பா கண்டுபிடிச்சே?”

“அணியத்தப் பாத்தா தெரியாதா சார்?”

படகு அவர்களுக்கு முகம். வரைகிறவருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்று ஓவிய மாணவர்கள் பலர் போனில் படமெடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறார்கள். கேமரா, வெயிலைப் பிடித்தால் நிழலைக் கறுப்பாக்குகிறது; நிழலைப் பிடித்தால் வெயிலைத் தின்றுவிடுகிறது. புதிய போன்கள் இரண்டையும் சமப்படுத்தி வெக்கையையே எடுத்துவிடுகின்றன. படகின் வயிற்றில் ஓடும் அந்த ஒளி எதிலும் வருவதில்லை. 1850-லிருந்து ஓவியம் கற்றுத்தரும் கல்லூரி எழும்பூரில் இருக்கிறது. அங்கிருந்து காசிமேடு சில கிலோமீட்டர்தான். ஆசிரியர்கள் பிள்ளைகளை நடுப்பகலில் அங்கே அழைத்துப் போக வேண்டும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஈசலை ஊன்றுங்கள். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடியும், அதற்குள் போய்விடுங்கள்.