கவ்வாத்துக் கத்தியின் கருநிறம்

கவ்வாத்து முடிந்து மாலையில் லயத்துக்குத் திரும்பும் தொழிலாளியின் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். கூர் விளிம்பு வெள்ளிபோல் மின்ன, அலகின் மேற்பகுதி நீலங்கலந்த கருமை பூண்டிருக்கும். துரு என்று எண்ணி அதைத் தேய்த்துவிடும் பிள்ளைகள் பலர். துருவன்று, தேயிலைச் சாற்றின் துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடிப் பிறந்த நிறம் அது. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி நம் முன்னோர் மை காய்ச்சியதும் இவ்வியல்பு பற்றியே. வாழைக்காய் அரிந்த கத்தி கறுப்பதும் அதனாலேயே.

செந்துரு பொருக்காய் உதிர்ந்து இரும்பை மேலும் மேலும் தின்னும். இக்கருமையோ மெல்லிய ஏடாய் ஒட்டிக்கொண்டு துருவின் வேகத்தை ஓரளவு தணிக்கும். (முற்றாகத் தடுக்கும் என்று நம்பிக் கத்தியை ஈரத்தோடு வைப்பவர் ஏமாறுவர்.)

வேண்டுமென்றே இதனை உண்டாக்கலாம். துருவேறா உருக்குக் கத்தி இதற்கு உதவாது, கரியுருக்கே வேண்டும். அலகைச் சவர்க்காரமிட்டு எண்ணெய்ப்பசை அறக் கழுவுங்கள். விரல் பட்ட இடம் நிறம் ஏற்காது. கடுஞ்சாயமாய் வடித்த தேநீரிற் சிறிது வினாகிரி கலந்து, கைப்பிடி நனையாமல் அலகை மாத்திரம் அமிழ்த்துங்கள். முதலிற் சாம்பல், பின் நீலம், அப்பால் கருமை. கோலம் விரும்புவோர், வினாகிரியிற் குழைத்த கடுகு விழுதாற் புள்ளியிட்டுக் கால்மணி நேரங் கழித்துக் கழுவலாம். பிறகு துடைத்து உலர்த்தித் தேங்காய் எண்ணெய் தடவுக.

அரைமணிக்கொரு தடவை எடுத்துப் பார்ப்பது மிக முக்கியம். பாட்டனாரின் கத்தியை நான் ஓர் இரவு முழுவதும் ஊறவிட்டேன். கருமை அழகாய்த்தான் வந்தது. அதனூடே புளிப்பு அரித்த குழிகளும் வந்தன. எந்தச் சாணைக்கும் அவை இன்னும் மறையவில்லை.