தெப்ராவ் நீரிணை வெறும் தண்ணீர் அல்ல

மாணவர்களே, ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்குக் கோஸ்வே நெரிசல் புதிதல்ல. பேருந்து நகராமல் நிற்கும்போது ஜன்னல் வழியே கீழே பார்த்திருப்பீர்கள். கலங்கிய பச்சைத் தண்ணீர், மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, எப்போதாவது ஒரு கொக்கு. “அங்கே என்ன இருக்கிறது?” என்று யாராவது கேட்டால் “ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்” என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். கடலில் மண் கொட்டி நிலமாக்கலாமா, கூடாதா என்று பெரியவர்கள் விவாதிக்கும்போதும் இந்த ‘வெறும் தண்ணீர்’ எண்ணம்தான் அடியில் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை.

நீங்கள் விரும்பிச் சாப்பிடும் நண்டு, இறால், குப்பாங், கெராங், கொங்கொங் எல்லாமே வாழ்க்கையின் முதல் சில நாட்களையோ வாரங்களையோ அந்தத் தண்ணீரில் மிதந்து கழித்தவை. அப்போது அவை தாய் தந்தையின் சாயல் கொஞ்சமும் இல்லாத உருவத்தில் இருந்தன. கம்பளிப்புழுவைப் பார்த்து வண்ணத்துப்பூச்சி என்று சொல்ல முடியாதல்லவா? அதுபோலத்தான். அந்தப் பருவத்துக்கு லார்வா என்று பெயர். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு. அதனால்தான் நம் கண்ணுக்கு வெறும் தண்ணீர் தெரிகிறது.

சேற்று நண்டை எடுத்துக்கொள்வோம். தாய் நண்டு ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட முட்டைகளை வயிற்றடியில் சுமந்துகொண்டு சதுப்புநிலக் காட்டை விட்டு வெளியேறி, உப்பு மிகுந்த கடலைத் தேடிப் போகிறது. அங்கே பொரிந்து வருவதற்குப் பெயர் ‘சோயியா’. பெரிய கண்கள், முதுகில் நீண்ட முள், மெல்லிய வால் எல்லாம் உண்டு; கொடுக்கு இல்லை. ஐந்து முறை தோல் உரித்த பிறகு ‘மெகலோபா’ ஆகிறது. இப்போது கொடுக்கு உண்டு, ஆனாலும் வாலை இன்னும் மடக்கவில்லை. அடுத்த தோலுரிப்பில்தான் நமக்குத் தெரிந்த நண்டு, விரல் நுனியில் வைக்கும் அளவில்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. 1802இல் பிரெஞ்சு அறிஞர் போஸ்க் இந்த முள் முதுகு உயிரியைப் பார்த்து, இது தனி வகைப் பிராணி என்று நினைத்துச் சோயியா என்று பெயரிட்டார். மெகலோபாவும் இன்னொரு தனிப் பிராணியாகப் பட்டியலில் ஏறியது. அயர்லாந்தின் கார்க் நகரில் இருந்த ஜான் வாகன் தாம்சன் என்ற இராணுவ மருத்துவர், நுண்ணிய வலையைக் கடலில் இழுத்து, கிடைத்தவற்றை உயிரோடு வைத்துக் கவனித்தார். சோயியா என்பது நண்டின் குழந்தைதான் என்று 1820களின் இறுதியில் எழுதினார். பாறைகளிலும் படகுத்துறைத் தூண்களிலும் வெள்ளையாக, கூராக ஒட்டியிருக்கும் பார்னக்கிளைத் தெரியுமல்லவா? தமிழ்நாட்டுக் கடற்கரையில் கொட்டலசு என்பார்கள். அதன் ஓட்டைப் பார்த்துச் சிப்பி இனம் என்றே அதுவரை நம்பினார்கள். அதன் லார்வாவைப் பார்த்த தாம்சன், அது நண்டுக்கும் இறாலுக்கும்தான் உறவு என்று காட்டினார். பெரியவர்களை மட்டும் பார்த்து வகைப்படுத்தியவர்கள் ஏமாந்தார்கள்; குழந்தைகளைப் பார்த்தவருக்கு உண்மை கிடைத்தது.

லார்வாக்கள் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் மேலேயும் கீழேயும் போக முடியும். இது சிறிய திறமை போலத் தோன்றலாம். ஆற்று முகத்துவாரத்தில் பொரியும் பல நண்டுகளின் லார்வாக்கள் கடல் வற்றும் நேரத்தில் மேலே வந்து, நீரோடு வெளிக்கடலுக்குப் போகின்றன. கடல் ஏறும் நேரத்தில் அடியில் தங்கிவிடுகின்றன. வளர்ந்து மெகலோபா ஆனதும் இதையே தலைகீழாகச் செய்து முகத்துவாரத்துக்குத் திரும்புகின்றன. லிஃப்டில் ஏறி இறங்கியே ஊர் விட்டு ஊர் போவது போல!

ஒரு கணக்குப் போடுங்கள். நீரோட்டம் வினாடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே திசையில் 14 நாள் மிதந்தால் எவ்வளவு தூரம்? ஏறக்குறைய 120 கிலோமீட்டர். நீரிணையில் தண்ணீர் முன்னும் பின்னும் அலைவதால் உண்மையான தூரம் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் ஓரிடத்துச் சிப்பிக் கூட்டத்தின் தாய் வேறோர் இடத்தில் இருக்கலாம் என்பது புரிகிறதல்லவா? கடலில் ஓர் இடத்தைக் கெடுத்தால், பாதிப்பு அந்த இடத்தோடு நிற்பதில்லை.

இந்தக் கண்ணோடு கோஸ்வேயைப் பாருங்கள். 1924இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தக் கருங்கல் அணை, நீரிணையைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வெட்டிவிட்டது. அதற்கு முன் நீரிணையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிதந்துபோன லார்வாக்களுக்கு இப்போது அது முட்டுச்சந்து. மனிதர்களுக்கு வழி திறந்தது. சோயியாவுக்கு வழி அடைந்தது. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்போ தூண்களின் மேல் நிற்கிறது. தண்ணீர் அடியில் ஓடுகிறது. அன்று கோஸ்வே கட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. இன்று தெரிந்தும் கடலுக்குக் குறுக்கே மண் சுவர் போட்டால்தான் குறை.

“டீச்சர், மில்லியன் கணக்கில் முட்டை போடுகிறதே, கொஞ்சம் செத்தால் என்ன?” என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் எதிர்பாராதது. நண்டுகளின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் நிலைத்திருந்தால், ஒரு ஜோடி வாழ்நாள் முழுதும் உண்டாக்கும் மில்லியன் கணக்கான முட்டைகளில் சராசரியாக இரண்டுதான் பெரிதாகி முட்டையிடும் வயதை எட்டுகின்றன என்று பொருள். மற்றவை மீனுக்கும் ஜெல்லி மீனுக்கும் உணவாகின்றன. அதுவும் கடலுக்குத் தேவையே. இப்போது மாசோ சேறோ சேர்ந்து அந்த இரண்டை ஒன்றாக்கிவிட்டது, வேறெதுவும் மாறவில்லை என்று வையுங்கள். அடுத்த தலைமுறை பாதி, அதற்கடுத்தது கால், நான்காம் தலைமுறையில் பதினாறில் ஒரு பங்கு. மில்லியனில் ஒன்று என்பது கவலையே இல்லாத எண் போலத் தெரிகிறது. ஆனால் எல்லாமே அந்த ஒன்றில்தான் தொங்குகிறது.

மிதந்து முடித்த லார்வாவுக்கு இறங்க இடம் வேண்டும். இதில் அவை நம்மை விடக் கறாரானவை. பார்னக்கிளின் கடைசிப் பருவ லார்வா, கொம்புகளையே கால்களாக்கி ஒரு பரப்பின் மீது நடந்து சோதிக்கும். அங்கே ஏற்கெனவே தன் இனம் வாழ்ந்த தடயம் இருந்தால் நிற்கும். பிடித்துவிட்டால் தலையைக் கீழே வைத்துச் சிமெண்டு போன்ற பசையால் ஒட்டிக்கொள்ளும். பிறகு இடம் மாற வழியே இல்லை. குப்பாங் லார்வா இரண்டு மூன்று வாரம் மிதந்துவிட்டு, நார் போன்ற பரப்பைத் தேடும். நம் நீரிணையில் வளர்ப்பவர்கள் கயிறுகளைத் தொங்கவிடுவது இதனால்தான். குப்பாங் வளர்ப்பில் விதை வாங்கி விதைக்கும் வேலை பெரும்பாலும் இல்லை. கடல் கொண்டுவந்து ஒட்டினால் உண்டு, ஒட்டாவிட்டால் அந்தப் பருவம் வெறுங்கயிறு.

தமிழர்களுக்கு இந்த ‘வெறுங்கயிறு’ பழைய அனுபவம். கொற்கை காலம் தொட்டு முத்துக்குப் பெயர் பெற்ற மன்னார் வளைகுடாவில், முத்துச் சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். சில ஆண்டுகள் பாரில் சிப்பி குவிந்து கிடக்கும். பிறகு பல ஆண்டுகள் ஒன்றுமே இருக்காது. லார்வா வந்து இறங்கினால்தான் முத்துக்குளிப்பு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அங்குள்ள இந்திய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் 1981இல் முத்துச் சிப்பியின் லார்வாக்களைத் தொட்டியிலேயே வளர்த்துக் காட்டினார்கள். பெரிய சாதனைதான். ஆனாலும் பழைய முத்துக்குளிப்பு திரும்பவில்லை. “அழிந்தால் ஆய்வகத்தில் வளர்த்துக்கொள்ளலாம்” என்று பேசுபவர்களுக்கு இதை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

இனி நம் பூலாய் ஆற்று முகத்துவாரம். கேலாங் பாத்தாவுக்குத் தெற்கே, அனைத்துலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலமாக 2003இல் அறிவிக்கப்பட்ட பகுதி. அதற்கு வெளியே மெராம்போங் திட்டில் கடற்புல் வளர்கிறது. அங்கேதான் கொங்கொங் நத்தை, மணல் ஒட்டிய நூல் போன்ற முட்டைச் சரத்தை இடுகிறது. பொரியும் லார்வா, மயிரிழைகள் நிறைந்த இதழ்களை விரித்து நீந்துகிறது. அருகே தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம். கப்பலின் அடியில் பார்னக்கிள் ஒட்டாதிருக்க, டிபிடி என்ற தகரக் கூட்டுப்பொருள் கலந்த சாயத்தை உலகமெங்கும் பூசினார்கள். அது ஒட்டவந்த லார்வாவைக் கொன்றது, அதோடு நிற்கவில்லை. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளரச் செய்தது. நம் நீரிணையின் கொங்கொங் நத்தைகளிலும் மலேசிய ஆய்வாளர்கள் இதைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். அனைத்துலக ஒப்பந்தம் ஒன்று அந்தச் சாயத்தைத் தடை செய்து 2008இல் நடைமுறைக்கு வந்தது.

கப்பல்கள் இன்னொன்றையும் கொண்டுவருகின்றன. சரக்கு இல்லாதபோது நிலைதடுமாறாதிருக்கக் கடல் நீரைத் தொட்டிகளில் நிரப்புவார்கள். அந்த நீரில் அந்த ஊர் லார்வாக்களும் ஏறிக்கொள்ளும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகளைச் சேர்ந்த மைடெல்லா என்ற சிப்பி, 2016 வாக்கில் ஜொகூர் நீரிணையின் சிங்கப்பூர்ப் பக்கத்தில் தென்பட்டது. சில ஆண்டுகளில் மீன் கூண்டு வலைகளிலும் சேற்றுப் பரப்பிலும் கொத்துக் கொத்தாகப் பரவியது. குப்பாங் ஒட்ட வேண்டிய இடத்தில் வந்தேறி ஒட்டிக்கொண்டது. கப்பல் தொட்டி நீரைச் சுத்திகரிக்கச் சொல்லும் ஒப்பந்தம் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது.

2014இல் ஃபாரஸ்ட் சிட்டி செயற்கைத் தீவுகளுக்கான மண் நிரப்பும் பணியின்போது, அந்தக் கடற்புல் பகுதியின் குறுக்கே மண் பாதை போடப்பட்டது. பணி சில காலம் நிறுத்தப்பட்டு, விரிவான சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு 2015 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற பிறகு தொடர்ந்தது. அப்போது செய்திகளில் கடற்குதிரையும் டுகோங்கும் இடம்பெற்றன. நல்லதுதான், அழகான முகம் இருந்தால் ஆதரவு கிடைக்கும். சோயியாவுக்காக யார் பதாகை பிடிப்பார்கள்? ஆனால் அந்தக் கரையில் வலை போடும் மலாய் மீனவருக்கும் ஓராங் செலெத்தார் குடும்பங்களுக்கும் நண்டு கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது சோயியாதான். கலங்கிய சேறு லார்வாவின் உணவு வடிகட்டும் உறுப்பை அடைக்கிறது. படிந்த சேறு இறங்கும் இடத்தை மூடுகிறது. வந்து பார்த்த லார்வா, கால் வைக்க இடமின்றிச் சாகிறது.

வளர்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அப்பாவோ அண்ணனோ துறைமுகத்தில் வேலை செய்யலாம். நான் கேட்பது மூன்று விஷயம். கடலோரத் திட்டங்களுக்கான மதிப்பீட்டில் லார்வாக்களை ஓரிரு நாள் எண்ணிவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. ஓராண்டு முழுதும், இரவிலும் பகலிலும் எண்ண வேண்டும். ஏப்ரல் முழுநிலவுக்குப் பின் சில இரவுகளில் சிங்கப்பூர்ப் பவளங்கள் ஒன்றாக முட்டை விடுவது 2002இலேயே பதிவாகியிருக்கிறது. அத்தகைய வாரங்களில் பக்கத்தில் தூர்வாருவதை நிறுத்திவைப்பது முடியாத காரியமா? மூன்றாவது, கடலைக் கடக்க வேண்டிய இடத்தில் தூண் போடுங்கள், அணை போடாதீர்கள்.

பள்ளிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். கடற்கரைத் துப்புரவுக்கு ஆண்டுதோறும் போகிறோம், டி-சட்டை போட்டுப் படமெடுக்கிறோம். ஒரு முறையாவது அந்தத் தண்ணீரை நுண்ணோக்கியில் பார்த்தோமா? வெங்காயத் தோலையே எத்தனை ஆண்டு பார்ப்பது!

வலை செய்வது எளிது. கம்பியை வளையமாக வளைத்து, பழைய நைலான் காலுறையை அதில் தைத்து, நுனியை வெட்டி ஒரு சிறு போத்தலைக் கட்டுங்கள். ஆசிரியரோ பெற்றோரோ உடன் வர, படகுத்துறையிலிருந்து கயிற்றில் இறக்கி, கடல் ஏறும் நேரத்தில் 10 நிமிடம் நீரோட்டத்தில் விடுங்கள். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துள்ளும் புள்ளிகள் தெரியும். துளிக்குழலால் ஒரு சொட்டு எடுத்து, 40 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். முதுகில் முள் இருந்தால் சோயியா. ஒற்றைக் கண்ணும் மூன்று ஜோடிக் கால்களும் இருந்தால் நாப்ளியஸ், அது பெரும்பாலும் கோப்பிபாட் அல்லது பார்னக்கிளின் குழந்தை. வரைந்து, தேதி, நேரம், இடம் எழுதி வையுங்கள். போத்தலை வெயிலில் வைக்காதீர்கள், நீர் சூடானால் சீக்கிரம் செத்துவிடும். படகுத்துறையிலேயே பார்க்க முடிந்தால் நல்லது. முடிந்ததும் எடுத்த இடத்திலேயே ஊற்றிவிடுங்கள்.