கங்கையிலே சொகுசுக் கப்பல்! குற்றாலத்திலே அருவித் திருட்டு!

2023 ஜனவரி 13-ந் தேதி வாரணாசியில் ஒரு வைபவம் நடந்தது. ‘கங்கா விலாஸ்’ என்ற சொகுசுக் கப்பலைப் பிரதமர் மோடி கொடியசைத்துத் துவக்கி வைத்தார். மூன்று தளங்கள், 18 அறைகள், 36 பேருக்கு இடம். முதல் பயணத்தில் ஏறியவர்கள் ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கனவான்கள் 32 பேர். 51 நாள், 3,200 கிலோமீட்டர்! கங்கையில் இறங்கி, வங்கதேசத்தின் வழியே போய், பிரம்மபுத்திராவில் எதிரேறி திப்ரூகர் வரை உல்லாசம்! ஆளுக்கு ஒரு நாள் கட்டணமே பல ஆயிரம் ரூபாய். நாற்று நடும் பெண்ணுக்கு அது எத்தனை நாள் கூலி? வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

கங்கையில் துடுப்புப் போட்டுப் பிழைக்கும் படகோட்டிகளோ, சொகுசுப் படகுகளால் எங்கள் வயிறு காய்கிறது என்று போராடி வருகிறார்கள். அவர்களுக்குக் கொடியசைக்க யாரும் வரவில்லை. அந்த ஆற்றில் கப்பல் போகும் ஆழம் வேண்டுமென்று 2018-ல் சர்க்கார் ஒப்புதல் கொடுத்த திட்டத்துக்கு 5,369 கோடி ரூபாய். உலக வங்கியின் கடன் வேறு! சரக்குப் போக்குவரத்துக்கு என்று சொன்னார்கள். கூடவே மிதந்து வந்தது சீமான்களின் விருந்து மண்டபம்.

தென்காசியில் நண்பர் ஒருவர் கேட்டார்: “நம்ம சிற்றாத்துல இப்படி ஒரு கப்பல் விட்டா என்னவே?”

விட முடியாது! குற்றால மலையில் பிறந்து, தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும்வரை அதன் குறுக்கே அணைக்கட்டுகள். அணைக்கட்டுக்குக் கால்வாய், கால்வாய்க்குக் குளம், குளத்துக்குக் கீழே நெல் வயல். சிற்றாறு விவசாயியின் ஆறு. ஆனால் டில்லிக்கு இது புரியுமா? 2016-ல் நிறைவேற்றிய சட்டத்தில் 111 தேசிய நீர்வழிகளை அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் தாமிரபரணியும் உண்டு, நெல்லையிலிருந்து கடல் வரை! நடுவே மருதூர் அணைக்கட்டும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் நிற்கின்றனவே, கப்பல் என்ன தவளையா, தாவிப் போக?

சிற்றாற்றில் கப்பல் ஏறாது என்று தெரிந்த நம்மூர்ப் பணமூட்டைகள் சும்மா இருந்தார்களா? ஆற்றின் மீது போக முடியாவிட்டால் என்ன, ஆற்றையே வீட்டுக்குள் கொண்டுவந்தால் போகிறது! மலையில் இறங்கும் ஓடையை மேலேயே மறித்து, தங்கும் விடுதிக்குள் திருப்பி, ‘தனியார் அருவி’ என்று காசு பறிக்கும் அக்கிரமம் நீதிமன்றம் வரை போயிற்று. 2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அருவியின் பாதையைத் திருப்பிய விடுதிகளைக் கண்டறிந்து சீல் வைக்க உத்தரவிட்டது. நீதிமன்றம் சொல்லும்வரை வருவாய்த் துறைக்கும் வனத்துறைக்கும் கண் எங்கே போயிருந்தது? ஒரு ஏழை விவசாயி மதகில் ஒரு பலகையைக் கூடுதலாகத் தூக்கினால் மறுநாளே ஆள் வந்து நிற்கிறதே!

“சுற்றுலா வளர்ந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்குமே” என்பார்கள். குற்றாலத்தில் அந்த நாலு பேர் யார்? எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி, மங்குஸ்தான் விற்கும் அம்மாள், சிப்ஸ் பொரிப்பவர், ஆட்டோ ஓட்டுகிறவர். காசில்லாமல் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளிக்கவரும் ஜனக்கூட்டம்தான் இவர்களுக்குச் சோறு போடுகிறது. அருவி மதிலுக்குள் போனால் இவர்களுக்கு என்ன மிச்சம்?

உல்லாசமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சீசனில் ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளத்தில் சுற்றுலாத் துறையே படகு விடுகிறது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஏறி மிதித்துவிட்டு வரட்டும், சந்தோஷம். சீசன் முடிந்தாலும் அந்தக் குளம் குளமாகவே இருக்கும். யாரும் அதைச் சுருட்டிக்கொண்டு போகமாட்டார்கள்.

எந்த ஓடையை எந்த விடுதி மறித்தது, எதற்குச் சீல் வைத்தார்கள், எது மறுபடி திறந்தது என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். மலையில் பதித்த குழாய்களையும் தடுப்புச் சுவர்களையும் விடுதிக்காரன் செலவிலேயே பெயர்த்தெடுக்க வேண்டும். அடுத்த சாரல் தொடங்கும் முன்பே!