நாவற்கனி

அரோனியா என்னும் மேனாட்டுக் கருங்கனியின் சாறு, இருதயத்திற்கு நலம் பயப்பதென்று புட்டிகளில் விற்கப்படுகின்றது. அதன் கருமைக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் நம் நாவற்கனியின் தோலிலும் உண்டன்றோ? அரோனியா இரத்த அழுத்தத்தைச் சிறிது தணிப்பதாகச் சில ஆய்வுகள் கூறும். மக்களிடத்து நாவலை அவ்வாறு சோதித்தார் சிலரே. ஆதலின், மருந்தை விடுத்துக் கனியை நம்புமின் என்று யாம் கூறோம். கொட்டையை உலர்த்திப் பொடித்து நீரிழிவிற்கும், பட்டையைக் காய்ச்சி வயிற்றுப்போக்கிற்கும் நம் முன்னோர் வழங்கினர். நீரிழிவோ இருதயத்தையும் கெடுக்கும் நோய்.

ஆனி, ஆடியில் பென்னலூர்ச் சாலையோரத்தில் இப்பழம் கூறுகூறாய்க் குவிந்திருக்க, தொழிற்சாலையில் இராப்பணி முடித்து வரும் எம்மனைய இளைஞர் இனிப்புநீர்ப் புட்டியையே நாடுகின்றனர். பழத்தோடு உப்பும் இனாம்! நம் விடுதியுணவிலேனும் இதனைச் சேர்த்தல் வேண்டுமென்று விண்ணப்பிக்கின்றோம். நாவெல்லாம் கறுத்து வகுப்பிற்கு வருவதை ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.