பேரீச்சம்பழத்துக்குப் போடவா?

வீட்டு வாசலில் ஒரு பழைய கார். கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று ஓர் அட்டை.

பார்க்க வருகிறவர் டயரை எட்டி உதைக்கிறார். "இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்கிறார். விலையைக் குறைக்க இது ஒரு தந்திரம்!

விற்பவர் கார் வியாபாரி அல்ல. ஓய்வு பெற்ற குமாஸ்தாவாக இருப்பார். அல்லது கணவரை இழந்த அம்மாவாக இருப்பார். மகள் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் போயிருப்பார்கள். அந்தச் சொல் சுருக்கென்று தைக்கும்.

இன்னொரு ரகம் உண்டு. "அருமையான வண்டி சார்! நாளைக்கே அட்வான்சோட வர்றேன்" என்பார். அந்த நாளை வருவதே இல்லை. கண்ணில் பட்ட குறையையும் சொல்வது இல்லை.

கெடுதல் இவரால்தான் அதிகம். தன் வண்டி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம்பி, விற்பவர் விலையில் பிடிவாதமாக இருப்பார். வண்டி மழையில் நின்று துருப்பிடிக்கும். கடைசியில் காயலான் கடைக்குப் போகும். அல்லது, விவரம் தெரியாத ஒருவர் வாங்கி, பிரேக் பிடிக்காமல் எங்கேயாவது மோதுவார்.

சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இப்போது வருவது இல்லை. பியட்டும் இல்லை. அம்பாசிடரும் 2014-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. இருக்கிற வண்டியைக் கெடுத்தால், வேறு வண்டிக்கு எங்கே போவது?

குறையைச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். எப்படி?

காட்டிச் சொல்ல வேண்டும். துணி சுற்றிய காந்தம் கதவின் அடியில் ஒட்டவில்லையா? "சார், இங்கே தகரம் போயி பட்டி பூசியிருக்காங்க. நீங்களே பாருங்க" என்று சொல்லலாம். நீலப்புகை வந்தால், "எஞ்சின் ஆயில் எரியுதுங்க" எனலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒத்துப்போகாவிட்டால், அதையும் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

50 வயது தாண்டிய வண்டி எல்லாம் "விண்டேஜ்" ஆகிவிடாது. 2021-ம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி, அது பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் மாற்றியவரிடம் இதைச் சொன்னால், அவர் கேட்கும் விலையும் நியாயத்துக்கு வரும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கட்டுப்படியாகும் விலையைச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால், "எனக்குச் சரிப்படாதுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

அதற்குக் காசு செலவு இல்லை. டயரை உதைக்கவும் தேவை இல்லை!