கடற்கரைக்குச் செல்ல நல்ல காலம் எது? பினாங்குப் பயணத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்



பயணத்திற்குக் காலம் பார்ப்பது நமக்குப் புதிதன்று. குறைஷியர் குளிர்காலத்திலும் கோடைக்காலத்திலும் மேற்கொண்ட பயணங்களைத் திருக்குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் அவர்களுக்கு வழங்கப்பட்ட அருட்கொடையாக நினைவூட்டுகிறது. பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே கடலோடிகளின் வாய்வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று 'மான்சூன்' ஆயிற்று. நாகூர், காரைக்கால், கீழக்கரை, காயல்பட்டினம் எனக் கடலோரம் வாழ்ந்த நம் முன்னோர் காற்றின் திசை பார்த்தே பாய் விரித்தனர். அவ்வாறு அவர்கள் சென்று சேர்ந்த ஊர்களில் ஒன்று பினாங்கு. அங்குள்ள சூலியா தெருவும், 1801இல் காதர் மொஹிதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவரின் முயற்சியால் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அந்தத் தொடர்புக்கு இன்றும் சான்று கூறுகின்றன.

இன்று நம் குடும்பங்கள் பினாங்குக்கு வணிகத்திற்காக அன்றி, பெரும்பாலும் விடுமுறையைக் கழிக்கவே செல்கின்றன. ஜார்ஜ் டவுன் நகரின் பழைய தெருக்கள், பத்து ஃபெரிங்கி கடற்கரை, தேடி அலையாமல் கிடைக்கும் ஹலால் உணவு, நடந்து செல்லும் தொலைவில் பள்ளிவாசல் என நமக்கு ஏற்ற அனைத்தும் அங்கே உள்ளன. எப்போது செல்வது என்ற கேள்விக்குச் சுற்றுலா வழிகாட்டிகள் ஏறக்குறைய ஒரே விடையைத் தருகின்றன: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்த விடை தவறன்று. ஆனால் அது நம் குடும்பங்களை மனத்தில் கொண்டு சொல்லப்பட்ட விடையும் அன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வானிலை சொல்வது

முதலில் வானிலையைப் பார்ப்போம். நம் கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழியும் வடகிழக்குப் பருவமழை, மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையையும் நவம்பர் முதல் கடுமையாகத் தாக்குகிறது. பினாங்கு மேற்குக் கரையில் இருப்பதால் நடுவிலுள்ள மலைத்தொடர் அதற்கு அரணாகிறது. ஆகவே நாகூரில் குடை பிடித்து நடக்கும் டிசம்பரில் பினாங்கில் வெயில் அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்ரா தீவு ஓரளவு தடுத்துவிடுகிறது.

மிகுதியான மழை பெய்வது ஒரு காற்று ஓய்ந்து மறு காற்று தொடங்கும் இடைக்காலங்களில்தான். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிக அதிகம். சில ஆண்டுகளில் அது நவம்பருக்கும் நீளும். 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஏப்ரல், மே மாதங்களில் அதைவிடக் குறைந்த அளவில் இன்னொரு மழைக்காலம் வருகிறது. வெப்பமோ ஆண்டு முழுவதும் 24 முதல் 32 பாகை வரை, பெரிய மாற்றமின்றி நிற்கிறது. சில ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சுமத்ராவின் காட்டுத்தீயால் புகைமூட்டம் படர்வதும் உண்டு. 2015லும் 2019லும் அது கடுமையாக இருந்தது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டார் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மழையை மட்டும் கணக்கிட்டால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்றுதான் முடிவு வரும். ஆனால் நாம் கணக்கிட வேண்டியது மழையை மட்டுமா?

பிறைக் கணக்கு

நம் ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள்கள் குறைவு. எனவே ரமலான் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகர்கிறது. பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம் எனினும், 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலும், 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலும், 2028இல் ஜனவரி இறுதியிலும் ரமலான் தொடங்குகிறது. 2030இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் மற்றொன்றுமாக ஒரே ஆண்டில் இரண்டு ரமலான்கள் தொடங்கவிருக்கின்றன. வழிகாட்டிகள் கூறும் 'சிறந்த காலம்' வரும் சில ஆண்டுகளில் நம் நோன்புக் காலத்தோடு மோதுகிறது என்பதே இதன் பொருள்.

பயணிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகை உண்டு. அது இறைவன் நம்மீது கொண்ட கருணை. ஆயினும் கடலில் குளிப்பதற்காக ரமலானில் பயணத்தை வைத்துக்கொண்டு அச்சலுகையை நாடுவது அதற்குரிய மரியாதை ஆகாது. மேலும் மலேசியாவில் நோன்புப் பகலில் முஸ்லிம்கள் பொது இடத்தில் உண்பது சட்டப்படி குற்றம். இஃப்தார் சந்தைகளையும் தராவீஹ் தொழுகையையும் நாடி ரமலானில் அங்கே செல்வது வேறு. அது நல்ல பயணமே. அதைக் கடற்கரை விடுமுறையோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது டிசம்பர் கடைசி வாரம். பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை, வானம் தெளிவு. நம்மில் பலர் தேர்ந்தெடுப்பதும் அதைத்தான். நாங்களும் சில ஆண்டுகளுக்கு முன் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

கரையில் அமர்ந்திருந்தவர்கள்

நான்கு நாள்கள் தங்கினோம். ஒரு துளி மழை இல்லை. கட்டணங்கள் உச்சத்தில் இருந்தன, அதையும் பொறுத்துக்கொண்டோம். ஆண்களும் பிள்ளைகளும் கடலில் ஆடினோம். உம்மாவும் லாத்தாவும் பாயை விரித்து, எங்கள் செருப்புகளையும் பைகளையும் கைப்பேசிகளையும் காவல் காத்தபடி அமர்ந்திருந்தனர். கரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். எங்கு திரும்பினாலும் யாரோ ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நனைந்த உடையோடு அத்தனை பேருக்கு நடுவே எழுந்து நடக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நாங்களும் வாருங்கள் என்று ஒருமுறை ஒப்புக்கு அழைத்ததோடு சரி.

ஊர் திரும்பியதும் அண்டை வீட்டார் பயணம் எப்படி என்று கேட்டபோது உம்மா சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கடலத்தான் தொடல." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குத்தான் வெட்கமாயிற்று. ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்பவருக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லித்தான் அந்தப் பயணத்தையே தொடங்கியிருந்தோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. எந்தக் கடற்கரையிலும் நம் சமுதாயத்துக் குடும்பங்களைப் பாருங்கள். நீரில் நிற்பவர் யார், மணலில் பொருள்களோடு அமர்ந்திருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

"நம் பெண்களுக்குக் கடற்கரையே தேவையில்லை" என்று சிலர் கூறுவர். அவர்களுடைய பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் உடன் வந்தவர்களை முன்னே செல்லுமாறு பணித்துவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியிருக்கிறது. அன்னையவர்களுக்கு மகிழ்ச்சி தேவையில்லை என்று அவர்கள் கருதவில்லை. பிறர் பார்வை படாத இடத்தை ஏற்படுத்தி, அங்கே அந்த மகிழ்ச்சியை அளித்தார்கள். ஹயா என்னும் வெட்க உணர்வு நம் ஈமானின் பகுதி. அதைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் பெண்களின் தலையில் வைத்து அவர்களை மணலில் அமர்த்திவிட்டு, ஆண்கள் மட்டும் நீரில் இறங்குவது அந்த முன்மாதிரிக்கு ஒத்ததாக இல்லை.

ஆகவே, எப்போது?

கூட்டம் இல்லாத காலமே நம் குடும்பங்களுக்கு நல்ல காலம் என்பது எங்கள் முடிவு. தமிழகப் பள்ளி விடுமுறையோடு பொருந்துவது மே மாதம். அப்போது மழை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த இடைக்கால மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் இடியோடு வருவது. காலை நேரம் பல நாள்களில் நமக்குக் கிடைத்துவிடும்.

பினாங்கின் கடிகாரமும் நமக்கு உதவுகிறது. மே மாதத்தில் அங்கே சூரியன் உதிப்பது காலை 7 மணியளவில். மறைவது இரவு ஏழரை மணியளவில். சுப்ஹு தொழுதுவிட்டு வெளிச்சம் பரவும்போது கரைக்குச் சென்றால், திங்கள் முதல் வியாழன் வரையிலான நாள்களில் ஏறக்குறைய வெறுமையான கடற்கரையைக் காணலாம். மற்றவர்கள் காலை உணவு முடித்து வருவதற்குள் நமக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். உடலை மறைக்கும் நீச்சல் உடையில் முஸ்லிம் பெண்கள் நீராடுவது மலேசியாவில் இயல்பான காட்சி. யாரும் வியந்து பார்ப்பதில்லை. பிற்பகல் மழையை அறையில் ஓய்வெடுத்தும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுதும் கழிக்கலாம். பத்து ஃபெரிங்கி செல்லும் வழியில் தஞ்சோங் பூங்காவில் கடல்மேல் தூண்கள் தாங்கி நிற்கும் பள்ளிவாசலில் அஸ்ர் தொழலாம். தொழுகையைச் சுருக்கியும் சேர்த்தும் தொழுவது குறித்து மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதைச் சொல்லி உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதத்திலும் பிறைக் கணக்கு ஒன்று உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் 2026இல் மே இறுதி வாரத்திலும், 2027இல் மே நடுவிலும், 2028இல் மே முதல் வாரத்திலும் வருகிறது. துல்ஹஜ்ஜின் முதல் பத்து நாள்கள் அமல்களுக்குரியவை. குர்பானி நாள்கள் உறவினர்களுக்குரியவை. எனவே 2026இல் மாதத் தொடக்கமும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெருநாளுக்குப் பின்னுள்ள நாள்களும் ஏற்றவை.

இரண்டு எச்சரிக்கைகள். மின்னலும் இடியும் தொடங்கினால் உடனே நீரைவிட்டு வெளியேறிவிடுங்கள். பினாங்குக் கடலில் ஜெல்லி மீன்கள் உண்டு. இறங்குமுன் அங்குள்ளவர்களிடம் அன்றைய நிலையைக் கேட்டறியுங்கள்.

நாங்கள் மறுமுறை மே மாதத்தில் சென்றோம். ஐந்து நாள்களில் இரண்டு மாலைகளை மழை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் முணுமுணுத்தனர். மூன்றாம் நாள் காலை, பைகளைக் காக்கும் பொறுப்பை ஆண்கள் ஏற்றோம். லாத்தா உம்மாவின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். முதலில் கணுக்கால் வரை, பிறகு முழங்கால் வரை. அலை ஒன்று வந்து உம்மாவை இடுப்பளவு நனைத்தபோது அவர் உரக்கச் சிரித்தது கரையிலிருந்த எங்களுக்குக் கேட்டது.

அடுத்த பயணத்திற்குத் தேதி குறிக்கும்போது வானிலை அட்டவணையைப் பாருங்கள். பிறைக் கணக்கையும் பாருங்கள். அவற்றோடு, உங்கள் வீட்டுப் பெண்களிடம் "நீங்கள் கடலில் இறங்க எந்த நாள் வசதி?" என்று கேளுங்கள்.

நம் பயணங்களை நன்மையாகவும், நம் இல்லங்களை அமைதி தருபவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கித் தருவானாக! ஆமீன்.