அமுது செய்தல்

சென்ற தவணையில் எம்மிடம் பயிலும் இளைஞரொருவர் வாடிய முகத்துடன் வந்து நின்றார். சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப் பயில்பவர் அவர். சிங்கள மொழித் தேர்விலே முதல்வர். கற்பித்தற் பயிற்சிக்குச் சென்ற பாடசாலையில், முற்பகல் 11.30 மணியளவில், அங்கு ஆசிரியராயிருந்த பிக்குவைச் 'சாப்பிட வாருங்கள்' என்று பிழையற்ற சிங்களத்தில் அழைத்தாராம். பிள்ளைகள் திகைத்தனர், சிலர் வாய்பொத்திச் சிரித்தனர். பிக்கு மாத்திரம் புன்னகையோடு எழுந்து சென்றார்.

"இலக்கணத்தில் வழுவொன்றும் இல்லையே, ஐயா?" என்றார் இளைஞர்.

வழு எம்முடையது. நம்மைப் போன்றோர் உண்பதற்குச் சிங்களத்தில் 'கனவா' என்பது சொல். பிக்குமார் உண்பதற்கோ 'வளந்தனவா'. அவர்கள் வருவதற்கும் போவதற்கும் 'வடினவா'. இவற்றை 'மரியாதைச் சொற்கள்' என்று பட்டியலிட்டு, ஒரே பாடவேளையில் நாம் கடந்துவிட்டோம். அச்சொற்களின் பின்னே, விடியுமுன் எழுந்து தானத்துக்குச் சமைக்கும் தாயொருத்தி நிற்கிறாள் என்பதைச் சொல்லவில்லை.

"திருவிழாவன்று பிள்ளையார் வீதியாலே போனார் என்று உம்முடைய ஆச்சியிடம் சொல்வீரா?" என்று கேட்டோம்.

சற்று யோசித்து, "எழுந்தருளினார் என்பேன்" என்றார்.

"நாயன்மார் அடியார்க்குச் சோறு போட்டனர் என்பீரா?"

"அமுது செய்வித்தனர் என்பேன்." அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டமும் அதன் பின் விளைந்த கசப்பும் யாவரும் அறிந்தவை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும் சட்டப் புத்தகத்திலிருந்து வகுப்பறைக்கு வரும் வழி நீண்டது. அவ்வழியே நடப்பவர்கள் இவ்விளைஞர்கள். ஒரு சொல் தவறினால், 'தமிழ் ஆசிரியருக்கு மதிப்புத் தெரியாது' என்ற செய்தி அன்று மாலையே முப்பது வீடுகளுக்குப் போய்விடும்.

மொழி கற்பிப்போர்க்கான நூல்களில் 'பிறர் பண்பாடு' என்ற அதிகாரம் இல்லாமலில்லை. உடையும் பலகாரமும் அங்கே படங்களாக இருக்கும். கொக்கிசைச் சுவைத்தும் அயலவர் மனத்தை அறியாதோர் எத்தனை பேர்! (பயற்றம் பணியாரத்தைச் சுவைத்தோர்க்கும் இது பொருந்தும்.)

இத்தவணை நாம் முறையை மாற்றினோம். சித்திரைப் புத்தாண்டில் தத்தம் வீட்டில் நிகழ்வதை மாணாக்கர் முதலில் எழுதவேண்டும். பின்னர் சிங்கள நண்பரொருவரைக் கேட்டு அவர் வீட்டு வழக்கத்தை எழுதவேண்டும். எமது கைவிசேடத்துக்கு அவர்களிடம் 'கனுதெனு' உண்டென்று கண்டு வந்தனர். விடைபெறும்போது அவர்கள் சொல்லும் 'கிஹின் என்னம்' என்பதும் நமது 'போய் வருகிறேன்' என்பதே என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பலமுறை கேட்ட தொடர்தான். நாமும் அதனை எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்விளைஞர் அடுத்த கிழமை பிக்குவிடம் சென்று மன்னிப்புக் கேட்டாராம். அவரோ, "இதற்குத் தமிழில் என்ன சொல்வீர்கள்?" என்று வினவினார். 'அமுது செய்தல்' என்று கேட்டதும் குறிப்பேட்டில் அதனைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு, "எங்கள் 'அம்ருத' தானோ இது?" என்றாராம்.